கல்லும் ஏடும் கையும்: திருப்பணியார வரலாற்றில் மூன்று சான்றுகள்

எம்பெருமானுக்கு அமுது செய்விக்கும் பணியாரங்களின் வரலாற்றை அறிய நமக்கு மூன்று வகைச் சான்றுகள் உள்ளன. முதலாவது கல்வெட்டு. நெல் இத்தனை கலம், நெய் இத்தனை உழக்கு, வெல்லம் இத்தனை பலம் என்று அளவையும், பிரசாதத்தில் யாருக்கு எவ்வளவு என்று பங்கையும் அது சொல்லும். இரண்டாவது ஏடு. ஆழ்வார்களின் அருளிச்செயலும் அதற்குப் பூர்வாசார்யர்கள் அருளிய வ்யாக்யானங்களும் அதில் அடங்கும். பண்டம் யாருக்காக, எந்தத் திருநாளில், எந்த மனநிலையோடு செய்யப்பட்டது என்பதை அவை காட்டும். மூன்றாவது சான்று கையில் இருக்கிறது. மாவின் ஈரம், பாகின் பதம், உப்பின் அளவு ஆகியவை கல்லிலும் இல்லை, ஏட்டிலும் இல்லை. தாயிடமிருந்து மகளுக்கும், மாமியாரிடமிருந்து மருமகளுக்கும், மடைப்பள்ளியில் மூத்த பரிசாரகரிடமிருந்து இளையவருக்கும் கைவழியாகவே அவை வந்துள்ளன.

முதல் இரண்டு சான்றுகளையும் நாம் போற்றிக் காத்து வருகிறோம். கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டு நூலாகியுள்ளன. வ்யாக்யானங்கள் பலமுறை பதிப்பிக்கப்பட்டுள்ளன. மூன்றாவது சான்றோ நம் தலைமுறையிலேயே மறைந்து வருகிறது. அது மறைந்தால் மற்ற இரண்டையும் பொருள் விளங்கப் படிக்கவும் நமக்கு இயலாமற் போகும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. அதற்கு எடுத்துக்காட்டாக ஸ்ரீவில்லிபுத்தூரையும், அதற்குத் தெற்கே உள்ள சங்கரன்கோவிலையும் கொள்வோம்.

பெரியாழ்வார் காட்டும் அடுக்களை

பண்டங்களைப் பெயர் சொல்லி அடுக்குவதில் பெரியாழ்வார் தனித்து நிற்கிறார். பெரியாழ்வார் திருமொழி இரண்டாம் பத்தின் நான்காம் திருமொழி கண்ணனை நீராட அழைப்பது. வெண்ணெயும் புழுதியும் படிந்த உடம்போடு ஓடும் பிள்ளையைப் பிடிக்க யசோதைப் பிராட்டி பல உபாயங்களைக் கையாள்கிறாள். அவற்றுள் ஒன்று பணியாரம். அப்பமும் சிற்றுண்டியும் வெல்லமும் பாலும் சேர்த்துச் சுட்டு வைத்திருப்பதாகவும், தின்ன விருப்பமானால் நீராட வரவேண்டும் என்றும் ஐந்தாம் பாசுரத்தில் ஆசை காட்டுகிறாள். இத்திருமொழியின் இரண்டாம் பாசுரம், அன்று அவன் பிறந்த திருவோணம் என்பதையும் தெரிவிக்கிறது. ஆகவே இது நாள்தோறும் நடக்கும் சமையலன்று. பிறந்தநாளுக்கென்று எண்ணெய்க் காப்பும் பணியாரமும் சேர்ந்த திருநாள் ஏற்பாடு.

கண்ணன் அவதரித்த நாள் ரோஹிணியாயிருக்கத் திருவோணம் என்றது எங்ஙனே என்னும் வினாவுக்கு முதற்பத்திலேயே குறிப்பு இருக்கிறது. அத்த நக்ஷத்திரத்துக்குப் பத்தாம் நாள் என்று ஆழ்வார் அருளிச்செய்கிறார். அத்தத்திலிருந்து முன்னோக்கி எண்ணினால் பத்தாவது திருவோணம். பின்னோக்கி எண்ணினால் பத்தாவது ரோஹிணி. கஞ்சனுக்குப் பிறந்தநாள் தெரியாதபடி மறைத்துச் சொன்னது என்று வ்யாக்யானம் விளக்கும். பிள்ளைக்குத் தீங்கு நேருமோ என்று அஞ்சும் பரிவே பெரியாழ்வாரின் இயல்பு என்பதை அறிந்தோர்க்கு இதில் வியப்பில்லை.

இரண்டாம் பத்தின் ஒன்பதாம் திருமொழி ஆய்ச்சியரின் முறையீடு. அதன் ஏழாம் பாசுரத்தில் ஒருத்தி, செந்நெல்லரிசியும் சிறுபருப்பும் வெல்லமும் நெய்யும் பாலும் கொண்டு பன்னிரண்டு திருவோணம் நோன்பாகச் சமைத்ததைச் சொல்கிறாள். ஒன்பதாம் பாசுரத்தில் மற்றொருத்தி, கருப்பஞ்சாற்று வெல்லம் சேர்ந்த இலட்டுவத்தையும், சீடையையும், கறுப்பு எள்ளின் உருண்டையையும் பாத்திரங்களில் இட்டு, தன் வீடுதானே என்ற நம்பிக்கையோடு வெளியே போனாளாம். இவன் உள்ளே புகுந்து அவற்றைக் கைக்கொண்டதோடு நில்லாமல், உறியில் வெண்ணெய் உண்டோ என்றும் ஆராய்ந்தானாம்.

இப்பாசுரத்தில் வரும் மூன்று பண்டங்களும் இன்றும் ஸ்ரீஜயந்தியன்று நம் இல்லங்களில் செய்யப்படுபவை. ஆயினும் ஒரு பெயர் நீடித்து வந்திருப்பதால் பண்டமும் மாறாமல் வந்தது என்று கொள்ளலாகாது. இன்றைய லட்டு கடலைமாவைப் பூந்தியாக்கிச் சர்க்கரைப் பாகில் சேர்ப்பது. பாசுரம் சொல்லும் இலட்டுவத்துக்குக் கன்னலின் இனிமை உண்டு என்பது மட்டுமே சொற்களால் பெறப்படுகிறது. எள்ளுருண்டையின் நிலை வேறு. எள்ளும் வெல்லமும் அன்றி அதில் மாறுவதற்கு அதிகமில்லை. சிலப்பதிகாரத்து இந்திரவிழாவில் பூதத்துக்குப் படைக்கும் பொருள்களுள் நோலை என்று ஒன்று வருகிறது. அதற்கு எள்ளுருண்டை என்றே உரைகாரர் பொருள் கூறினர். பெயர் மாறியும் பண்டம் மாறாதது இது.

பணியாரத்தை விலைக்கு விற்பதும் நம் நாட்டில் புதிதன்று. அப்ப வாணிகரைக் கூவியர் என்று பெரும்பாணாற்றுப்படையும் மதுரைக்காஞ்சியும் குறிக்கின்றன. மதுரைத் தெருவில் மோதகம் விற்றதையும் மதுரைக்காஞ்சியால் அறிகிறோம். கடைப்பண்டம் அறியாத காலத்தில் பாடியமையால் பெரியாழ்வார் வீட்டுப் பண்டத்தைப் பாடினார் என்று சொல்ல வழியில்லை. அங்காடியில் அப்பம் கிடைத்த நாட்டில், தான் சுட்டு வைத்ததாக ஒரு தாய் சொல்வதையே அவர் பாட்டாக்கினார். நோன்புக்காகத் தான் அட்டதாக ஒருத்தி சொல்வதையே முறையீடாக்கினார். செய்த கை பாசுரத்துக்குள்ளேயே இருக்கிறது.

வ்யாக்யானம் காத்த வழி

பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வ்யாக்யானத்தின் பெரும்பகுதி மறைந்துபோயிற்று. மறைந்த பகுதிக்கு மணவாள மாமுனிகள் வ்யாக்யானம் இட்டருளினார். எஞ்சியிருந்த பகுதியைத் தொடாமல், குறைந்த அளவுக்கு மட்டுமே அவர் எழுதினார் என்பது ஸம்ப்ரதாயம் அறிந்த செய்தி. மேலே கண்ட இரண்டு திருமொழிகளும் மாமுனிகளின் உரையால் விளங்குபவை. 13-ஆம் நூற்றாண்டு ஆசாரியரின் உரை கெட, 1370-இல் ஆழ்வார்திருநகரியில் அவதரித்தவர் அதனை மீண்டும் நிரப்பினார். ஏடு அழியக்கூடியது, அழிந்ததை அறிந்தவர் மீண்டும் எழுதினால்தான் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. கைவழி வந்த அறிவுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

பாசுரத்தைச் செயலாக்கிய ஆசாரியர் எம்பெருமானார். நாச்சியார் திருமொழி ஒன்பதாம் திருமொழியின் ஆறாம் பாசுரத்தில், திருமாலிருஞ்சோலை நம்பிக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் வாய்நேர்ந்ததாக ஆண்டாள் அருளிச்செய்தாள். நேர்ந்தது வாயளவில் நின்றது என்று கருதிய எம்பெருமானார், திருமாலிருஞ்சோலைக்கு எழுந்தருளி அதனைச் சமர்ப்பித்தார் என்றும், பின்பு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எழுந்தருளியபோது ஆண்டாள் அவரை அண்ணன் என்று அழைத்து ஆதரித்தாள் என்றும் குருபரம்பரை கூறும். இந்த ஐதிஹ்யத்தில் கருதத்தக்கது ஒன்று உண்டு. ஸ்ரீபாஷ்யம் அருளியவர் இப்பாசுரத்துக்குத் தத்துவப் பொருள் கூறி அமையலாம். அவர் அரிசியும் பாலும் வெல்லமும் நெய்யும் சேர்த்துத் தடாக்களை நிரப்பச் செய்தார். சொல்லின் பொருள் அடுப்பில் முற்றுப்பெற்றது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்றும் இவ்வழி தொடர்கிறது. பகற்பத்துத் தொடக்க நாளில் ஆண்டாள் தன் பிறந்தகமாகிய வேதபிரான் பட்டர் திருமாளிகைக்கு எழுந்தருளுகிறாள். அங்கே காய்கறிகளைப் பரப்பி வரவேற்கும் பச்சை பரத்தல் நடைபெறுகிறது. திரட்டுப்பாலும் மணிப்பருப்பும் அமுது செய்விக்கப்படுகின்றன. கோயில் உற்சவத்தின் நடுவே ஒரு வீட்டின் அடுக்களைக்கு இடமிருப்பது இத்திவ்யதேசத்தின் சிறப்பு. மகள் பிறந்தகம் வந்தால் பால் சுண்டக் காய்ச்சும் வழக்கத்தைத் திருவாராதனத்திலிருந்து பிரிக்க முடியாது.

கல் சொல்வதும் சொல்லாததும்

இனிக் கல்வெட்டுகளைக் காண்போம். நெல்லைச் சீமையில் பொருநைக்கரை அம்பாசமுத்திரத்துக் கல்வெட்டு இவ்வகையில் பழமையானது. சிவன் கோயில் அமுதுபடிக்காகப் பாண்டியன் வரகுணன் 290 காசை இளங்கோய்க்குடிச் சபையாரிடம் முதலாக வைத்தான். முதல் கெடாமல் ஆண்டுதோறும் வரும் நெற்பொலிசையிலிருந்து சோறு, பருப்பு, நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை, காயம் முதலியவற்றுக்கு அளவு வகுக்கப்பட்டது. எந்தக் கோயிலாயினும் திருவமுதின் நிர்வாகம் எவ்வளவு நுட்பமாக அமைந்தது என்பதை இது காட்டும்.

திருமலைக் கல்வெட்டுகளில் 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் பணியாரக் கட்டளைகள் மிகப் பெருகின. அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, சுகியன்படி என்று பணியாரத்தின் பெயரோடு படி என்னும் அளவைச் சேர்த்து வழங்கினர். ஒரு படிக்கு வேண்டிய அரிசி, நெய், சர்க்கரை, மிளகு இவ்வளவு என்ற வரையறையும் இருந்தது. அமுது செய்த பிரசாதத்தில் நாலில் ஒன்று கட்டளை வைத்தவருக்கு உரியது. அதற்கு விட்டவன் விழுக்காடு என்று பெயர். அப்பங்கைத் தாமே கொள்ளாமல், வழிப்போக்கரான பாகவதர்களுக்கும் மடங்களுக்கும் ஒதுக்கியோர் பலர். இன்று உலகறிந்த திருப்பதி லட்டு, 2009-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் பின்னணியில் இத்தனை நூற்றாண்டுக் கட்டளைகள் உள்ளன.

ஆனால் இந்த அளவுகளைக் கொண்டு ஒருவர் இன்று அதிரசம் சுட முயன்றால் இயலாது. நாழியரிசி என்று கல் சொல்லும். அதை எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்று சொல்லாது. பலச் சர்க்கரை என்று சொல்லும். பாகை எப்போது இறக்குவது என்று சொல்லாது. வெட்டியவர்கள் மறந்ததனால் விட்டதன்று. மடைப்பள்ளியில் அறிந்த கை எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கையில் விட்டது.

சங்கரன்கோவிலின் மாவிளக்கு

சங்கரன்கோவில் இப்போது தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. சங்கரலிங்கர், கோமதியம்மை, சங்கரநாராயணர் என்று மூன்று சன்னதிகள் உள்ள தலம். உக்கிர பாண்டியன் எழுப்பியது என்பது தலவரலாறு. அரியும் அரனும் ஒரே திருமேனியில் தோன்றும் காட்சியை வேண்டிக் கோமதியம்மை புன்னைவனத்தில் தவம் இருந்தாள் என்றும், ஆடி மாதத்து உத்திராட நாளில் அக்காட்சி கிடைத்தது என்றும் கூறுவர். அந்நாளே ஆடித்தபசு. சங்கரநாராயணர் சன்னதியில் துளசித் தீர்த்தமும் திருநீறும் இரண்டும் வழங்கப்படுகின்றன.

திருமலையில் இரண்டு உருவும் ஒன்றாய் இசைந்ததைப் பேயாழ்வார் மூன்றாம் திருவந்தாதியில் அருளிச்செய்ததும், அதனைப் பூர்வாசார்யர்கள் எம்பெருமானின் சீலத்துக்கு எல்லையாகக் கொண்டதும் நம்மவர் அறிந்தவை. பரத்துவ நிர்ணயம் அதனதன் இடத்தில் நிற்க, இங்கு நாம் நோக்குவது இவ்வூர் அடுக்களையை.

ஆடித்தபசுக்குச் சுற்றுவட்டக் கரிசற்காட்டு உழவர்கள் தங்கள் நிலத்தில் விளைந்த பருத்தி, மிளகாய் வற்றல், தானியம் முதலியவற்றைக் கொண்டுவந்து சமர்ப்பிப்பர். விளைந்தபடியே தருவது அது. பெண்டிர் அம்மைக்கு மாவிளக்கு இடுவர். பக்குவம் செய்து தருவது இது. அதே ஊரில் புரட்டாசிச் சனிக்கிழமை வந்தால், வைணவ இல்லங்களில் திருவேங்கடமுடையானுக்கும் மாவிளக்கே ஏற்றப்படுகிறது. தெய்வத்தைச் சொல்லும் நாமம் வேறு, மாதம் வேறு, மாவு ஒன்றே.

அம்மாவைப் பக்குவம் செய்வது இங்ஙனம்: பச்சரிசியைக் களைந்து ஊறவைத்து, நீரை வடித்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்துவர். கையில் எடுத்தால் ஈரம் தெரியவேண்டும். ஆனால் அரிசி கையில் ஒட்டிக்கொண்டு நிற்கலாகாது. அப்பதத்தில் உரலில் இட்டு இடித்துச் சலிப்பர். பொடித்த வெல்லமும் ஏலமும் சேர்த்து மீண்டும் இடிக்க, வெல்லத்தின் கசிவே மாவைச் சேர்த்துப் பிடிக்கும். நீர் வேண்டா. உருட்டி நடுவில் குழித்து, நெய் வார்த்துத் திரியிட்டு ஏற்றுவர். திரி மலையேறியபின் நெய் ஊறிய அம்மாவே பிரசாதம். அடுப்பே தேவைப்படாத பணியாரம் இது. ஒரு படி அரிசியும் ஓர் அச்சு வெல்லமும் உடைய எவரும் செய்யத்தக்கது.

இதே ஈரமாவுதான் மற்றப் பணியாரங்களுக்கும் அடி. வெல்லப்பாகில் இட்டுக் கிளறினால் அதிரசம். அரிசிக்கு முக்கால் பங்கு வெல்லம் என்பது வீட்டுக் கணக்கு. பாகைச் சிறிது நீரில் விட்டால் கரையாமல் திரண்டு, விரலால் உருட்ட மெத்தென்று வரும்போது இறக்கவேண்டும். முந்தினால் எண்ணெயில் பிரிந்துபோகும், பிந்தினால் கல்லாகும். கிளறிய மாவை ஒருநாளேனும் வைத்திருந்து சுடுவர். மாவை வாணலியில் வறட்டி, வறுத்தரைத்த உளுத்தமாவும் வெண்ணெயும் எள்ளும் சேர்த்து உருட்டினால் சீடை. இதில் அச்சம் அதிகம். மாவில் கட்டியோ ஈரமோ தங்கினால், மேல்தோல் இறுகியபின் உள்ளே எழும் நீராவிக்கு வழியின்றிச் சீடை வெடித்து, கொதிக்கும் எண்ணெயைத் தெறிக்கும். அதனால் இருமுறை சலிப்பதும், வழுவழுப்பாக இறுக்கி உருட்டாமல் தளர உருட்டுவதும், துணியில் பரப்பி ஆறவிடுவதும் வழக்கமாயின.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு விதி இருக்கிறது. எம்பெருமான் அமுது செய்வதற்கு முன் எவரும் சுவை பார்ப்பதில்லை. உப்பு சரியா, இனிப்பு போதுமா என்று நாவால் அறிய வழியில்லை. பாகைக் கண்ணாலும், மாவை விரலாலும், எண்ணெயின் சூட்டை ஓசையாலும் மணத்தாலும் அறியவேண்டும். ஆகவே திருவமுது செய்யும் கைக்கு வேண்டிய பயிற்சி, தன் உணவைச் சமைப்பவருக்கு வேண்டியதைவிட மிகுதி. பிறர் நாவுக்கு முன் தன் நாவை நிறுத்தாத அவ்வொழுக்கத்தைச் சேஷத்வத்தின் பயிற்சி என்றே சொல்லலாம். எதையும் தனக்கு என்று கொள்ளாமை அடுப்படியில் இவ்வாறு கற்கப்பட்டது. இவ்வறிவு எழுதப்படாததற்கும் இதுவே காரணம். பலமுறை உடன் நின்று செய்தால் அன்றி வராதது அது.

இன்றைய நிலை

சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள ஊர்கள் இனிப்புக்குப் பெயர்பெற்றவை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-இலும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-இலும் புவிசார் குறியீடு பெற்றன. திருநெல்வேலி அல்வாவை அறியாதார் இல்லை. இவை அந்தந்த ஊர்க் கைவினைஞரின் பெருமை, குறைசொல்ல இடமில்லை. ஆயின் இப்போது ஸ்ரீஜயந்தி நெருங்கினால் சீடையும் முறுக்கும் அதிரசமும் உறையிட்டுக் கடைகளில் அடுக்கப்படுகின்றன. வேலைக்குச் செல்லும் மகளிரும், முதுமையில் தனித்திருக்கும் தம்பதியரும் அவற்றை வாங்கிப் பெருமாள் திருமுன் வைக்கிறார்கள். இது தகுமா என்ற வினா பல இல்லங்களில் எழுகிறது. வாங்கிவந்த மருமகளைக் கடிந்துகொள்ளும் பெரியவர்களும் உண்டு. மனம் நோகும் மருமகள்களும் உண்டு.

வரலாற்றை நோக்கினால் இதில் இரண்டைப் பிரித்துக் காணவேண்டும். பண்டத்தின் எண்ணிக்கை ஒன்று, செய்கை மற்றொன்று. திருமலைக் கட்டளைகள் எண்ணிக்கையைப் பெருக்கின. அது அரசரும் செல்வரும் செய்யும் கைங்கர்யம். ஒரு வீடு அதனோடு போட்டியிட வேண்டியதில்லை. வீட்டுத் திருவாராதனத்துக்கு ஆழ்வார் காட்டிய அளவு ஒருத்தி ஒரு நாளில் செய்யக்கூடியது. ஒன்பது பண்டம் வேண்டும் என்ற எண்ணமே இன்று பலரைக் கடைக்குத் துரத்துகிறது. செய்தவர் சுவைபார்த்தாரா, எந்த எண்ணெயில் எதைப் பொரித்தார் என்று அறிய இயலாத பண்டம் நியமத்துக்கு ஒவ்வாது என்பதும் வெளிப்படை. ஒன்பதை வாங்கி வைப்பதைவிட ஒன்றைச் செய்து அமுது செய்விப்பது பெரியாழ்வார் வழிக்கு நெருங்கியது. அவ்வொன்று மாவிளக்காகவோ, சிறிது எள்ளுருண்டையாகவோ இருக்கலாம். இரண்டுக்கும் வெடிக்கும் என்ற அச்சம் இல்லை. ஒரு நாழிகைப் பொழுது போதும். கடிந்துகொள்ளும் பெரியவர் அந்த ஒரு நாழிகை உடன் நின்று கற்பித்தால் அவர் கையும் ஏட்டைப்போல் வழிவழியாக நிற்கும். ஆடவர்க்கும் இதில் விலக்கில்லை. திவ்யதேசத்து மடைப்பள்ளிகளில் தளிகை செய்வோர் ஆடவரே அல்லரோ?

அழகர்கோயில் தோசை, காஞ்சிக் கோயில் இட்டலி, திருக்கண்ணபுரத்து முனியதரையன் பொங்கல் என்று திவ்யதேசங்களின் திருவமுது மரபுகள் ஓரளவு பேசப்பட்டுள்ளன. வீட்டு மரபு அவ்வாறு திரட்டப்படவில்லை. திருவாராதன க்ரமத்தை எழுதிவைத்த குடும்பங்கள் பல உள்ளன. அந்தக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில், அந்த வீட்டுச் சீடைக்கு உளுந்து எத்தனைக்கு ஒன்று, அதிரச மாவை எத்தனை நாள் வைப்பது, மாவிளக்குக்கு எந்த வெல்லம், யாரிடம் கற்றது என்பவற்றையும் எழுதிவைப்பது இப்போது செய்யக்கூடிய பணி. கெட்டுப்போன வ்யாக்யானப் பகுதியை மாமுனிகள் நிரப்பியருளியதால் அன்றோ ஆய்ச்சியின் முறையீட்டுக்கு இன்று நமக்குப் பொருள் விளங்குகிறது. பாத்திரங்களில் சீடையும் எள்ளுருண்டையும் இட்டு வைத்த அவளுடைய கைப்பக்குவத்துக்கும் அத்தகைய உரை வேண்டும். வரும் ஆவணியில் ஸ்ரீஜயந்திக்கு மாவு சலிக்கும்போதே அதனைத் தொடங்கலாம்.